கேஸ் வீட்டில் ஒரு குளிர்காலம்: ஸ்காபரோ நாட்குறிப்பு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் நாள். அப்படியே வீட்டு அலாரங்களின் பற்றரியையும் மாற்றுங்கள் என்று தீயணைப்புப் பிரிவு வருடாவருடம் சொல்கிறது. மேல்மாடி முடித்து பேஸ்மென்றுக்கு இறங்கினால், படுக்கையறை வாசலில் இருக்கவேண்டிய காபன் மொனொக்சைட் என்ற மணமில்லாத நச்சுவாயுவுக்கான அலாரத்தைக் காணோம். கீழே வாடகைக்கு இருக்கும் தம்பி லாச்சிக்குள் இருந்து எடுத்துக் காட்டுகிறார். "அக்கா, நேற்று இரவிரவா கீச் கீச்செண்டு கத்தினது, பிள்ளை நித்திரை கொள்ளேல்லை, அதான் கழட்டினனான்."

கைக்குழந்தையோடு முழித்திருக்கும் மனிதரோடு கோபிக்க முடியுமா. இருந்து விளக்கினேன். இடைவெளி விட்டு ஒற்றைக் கீச் என்றால் பற்றரி இறங்கிவிட்டது, அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. நாலு நாலாக அடித்தால் அதுதான் காபன் மொனொக்சைட். அப்போது ஒன்றையும் தேடிக்கொண்டு நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் 911 என்ற அவசர இலக்கத்துக்கு அடிக்கவேண்டும். மூன்று மூன்றாக அடித்தால் புகை. அலாரத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் போட்டிருந்த திகதியும் முடிந்திருந்தது. இவை 7 முதல் 10 வருடம்தான் வேலை செய்யும், பற்றரி மாற்றினாலும் உள்ளே இருக்கும் உணரி கிழடாகிவிடும். பின்னேரமே கடைக்குப் போய்ப் புதிது வாங்கிப் பூட்டியாயிற்று.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த அலாரம் கட்டாயமானது சும்மா அல்ல. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரி, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் இறந்தார்கள். கேஸ் ஃபயர்பிளேஸின் புகைபோக்கி அடைபட்டு, வெளியே போகவேண்டியது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. வீட்டில் அலாரம் இல்லை. தீயணைப்பு வேலையில் இருந்த லோரியின் மாமா, ஜோன் ஜினியாக், அதற்குப் பிறகு விடாமல் அலைந்ததில்தான் 2013இல் அந்தக் குடும்பப் பெயரிலேயே சட்டம் வந்தது.

நவம்பர் 9, சனி

வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபேர்னஸைப் பார்க்க ஆள் வந்தார். ஃபேர்னஸ் ஓரளவு புதிது, வெள்ளை பிளாஸ்ரிக் குழாய் சுவரால் வெளியே போகிற வகை, அதைக் கெதியாக முடித்துவிட்டார். நேரமெடுத்தது பக்கத்தில் நிற்கும் சுடுதண்ணித் தாங்கியோடு. அது பழைய வகை. எரிந்த புகை சூட்டிலேயே மேலெழும்பிப் புகைபோக்கியால் போகவேண்டும், தள்ளிவிட ஃபான் ஒன்றும் கிடையாது.

யன்னல் எல்லாம் சாத்தச் சொன்னார். குசினி ஹூட்டை முழு வேகத்தில் போடச் சொன்னார், குளியலறை ஃபான், உடுப்புக் காயவைக்கும் மெசின் எல்லாவற்றையும் ஓடவிட்டார். பிறகு தாங்கி எரியும்போது அதன் மேல்வாயில் புகைக்குச்சி ஒன்றைப் பிடித்தார். மேலே இழுபட்டுப் போகவேண்டிய புகை எங்கள் முகத்துக்கு நேரே திரும்பி வந்தது.

காரணம் அந்த ஹூட்தான். மீன் பொரித்தால், கறித்தூள் வறுத்தால் மணம் உடுப்பில் ஏறக்கூடாது என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் கடையிலேயே பலமான ஹூட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அது வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளத் தள்ள, ஈடாக வேறு காற்று உள்ளே வந்தே ஆகவேண்டும். குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் அடைத்துவைத்த வீட்டில் காற்றுக்குக் கிடைக்கும் லேசான வழி புகைபோக்கி. கீழ்நோக்கி வரும் காற்றோடு தாங்கியின் புகையும் வருகிறது, அது விழுவது பிள்ளை படுக்கும் பேஸ்மென்றில்.

அந்த இடத்திலேயே தாங்கிக்குப் போகும் கேஸை மூடி, எச்சரிக்கைச் சீட்டும் கட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்குச் சரியான கோபம், விற்பனைத் தந்திரம் என்றார். நான் கண்ணால் பார்த்தவள், எனக்குக் கோபம் வரவில்லை. ஃபான் வைத்துப் புகையைத் தள்ளும் தாங்கி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவரை மின்சாரக் கேத்திலில் தண்ணி கொதிக்கவைத்துத்தான் குளிப்பு.

டிசம்பர் 7, சனி

கழுத்தில் அட்டையோடு ஒருவர் கதவைத் தட்டினார். "கேஸ் ஆட்கள், உங்கள் ஃபேர்னஸைப் பார்க்கவேண்டும்" என்றாராம், மாமி வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணியும் வைத்துவிட்டார்! 2018 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில் கேட்காமல் வீடுவீடாக வந்து ஃபேர்னஸ், சுடுதண்ணித் தாங்கி ஒப்பந்தம் எழுதுவது சட்டவிரோதம். நான் மாகாணச் சான்றிதழைக் கேட்டதும் போன் வந்ததுபோல இறங்கிப் போய்விட்டார். கேஸ் மணந்து நாங்கள் கூப்பிட்டு வருகிறவர் வேறு, இவர் வேறு. தேத்தண்ணியை நான் குடித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

2013இல் இதே நாட்களில்தான் ரொறன்ரோவில் பனிமழை கொட்டி மரமெல்லாம் முறிந்து, நகரத்தில் மட்டும் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் போயின. நத்தாருக்கும் பல வீடுகளில் வெளிச்சம் இல்லை. குளிர் தாங்காமல் கரி பாபிகியூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். நியூகாசில் பக்கம் கராஜுக்குள் ஜெனரேற்றர் ஓடவிட்ட வீட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

இதை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் சொன்னால், "கேஸ் மணந்திருக்குமே, ஏன் எழும்பேல்லை" என்கிறார். 2021 கடைசியில் ஊரில் சிலிண்டரும் அடுப்பும் வெடித்த நாட்களில் அம்மா கொஞ்சக் காலம் விறகடுப்புக்கே திரும்பிப் போனவர், அவருக்கு கேஸ் என்றால் மணமும் வெடியும்தான். இங்கே இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். குழாயில் வருவது பெரும்பாலும் மெதேன், அதற்குத் தனக்கென்று மணமில்லை, கசிந்தால் தெரியட்டும் என்று அழுகல் முட்டை மணத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றைவிட லேசானது, மேலே ஏறும். சிலிண்டர் கேஸ் பாரமானது, தரையோடு தேங்கும். எது மணந்தாலும் லைற் சுவிச்சைத் தொடாமல், உள்ளே நின்று போன் எடுக்காமல், எல்லாரும் வெளியே போய்த் தள்ளி நின்றுதான் 911க்கோ கேஸ் அவசர இலக்கத்துக்கோ அடிக்கவேண்டும்.

காபன் மொனொக்சைட் கசிவதில்லை, உண்டாவது. கேஸோ கரியோ பெற்றோலோ காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் வரும். அதில் யாரும் மணம் கலக்க முடியாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கு மேல் பிடிமானத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தடிமன் காய்ச்சல் மாதிரியே தொடங்கும், ஆனால் உடம்பு சுடாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் லேசாகிறது என்றால் சந்தேகப்படவேண்டும். கொரோனாக் காலத்தில் எல்லாரும் வாங்கிவைத்த, ஒட்சிசன் பார்க்கும் விரல் மீற்றரை இதில் நம்பக்கூடாது, காபன் மொனொக்சைட் ஏறிய இரத்தத்தையும் அது நல்ல இரத்தம் என்றே காட்டும்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

தைப்பொங்கல். இந்த நாளில் எங்கள் தெருவில் பாதிப் பானைகள் கராஜுக்குள்தான் பொங்கும். வெளியே பனி, உள்ளே பொங்கினால் புகை அலாரம் கத்தும், ஆகவே கராஜ். பொங்கலுக்கு மட்டுமா, மீன் பொரிக்க, ஆட்டுக்கறி காய்ச்ச, அம்பது பேருக்குச் சமைக்க என்று புரொப்பேன் அடுப்பும் சிலிண்டரும் வருடம் முழுக்க அங்கேயே நிற்கிற வீடுகள் எத்தனை! சிலிண்டரை கராஜுக்குள் வைக்கவே கூடாது, அது வேறு கதை.

கதவைப் பாதி தூக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறிப் போய்க்கொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்ப கீழிருந்து காற்று வரும், கராஜும் குசினியும் ஒரே கதவால் ஒட்டியிருந்தால் வருவது கராஜ் காற்று. வெளிக்காற்று கராஜ் வாசலுக்கு நேரே அடித்தால் இன்னும் மோசம்.

மாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தேன். சொன்னதும் அவர், "ஊரில முத்தத்திலதானே பொங்கினனாங்கள், சூரியனுக்குத்தானே பொங்கிறது, கராஜுக்குள்ள சூரியன் எங்க இருக்குது? வெளியில வை பிள்ளை" என்று முடித்துவிட்டார். டிரைவ்வேயில் வீட்டிலிருந்து தள்ளி பனியை வழித்து, கோலம் போட்டு, காற்றுக்கு ஒரு பக்கம் மட்டும் தட்டி மறைத்துப் பொங்கினோம். விரல் விறைத்தது. முன்வீட்டு வெள்ளைக்காரர் நாயோடு நின்று பார்த்துவிட்டுச் சக்கரைப்பொங்கலும் வாங்கிக்கொண்டு போனார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

நாலைந்து நாளுக்குள் இரண்டு பனிப்புயல். விடியக்காலை வீடு குளிர்ந்து கிடந்தது, ஃபேர்னஸ் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தது. பக்கச்சுவரில் இருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களும் பனிக்குள் புதைந்திருந்தன. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஓடை, காற்று கொண்டுவந்த பனியெல்லாம் அதற்குள்தான் குவிகிறது. குழாய் அடைபட்டால் அழுத்தத்தை உணர்ந்து தானே நின்றுவிடும் சுவிச் இந்த வகை ஃபேர்னஸில் உண்டு, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அலாரம் பேசாமல் இருந்தது. இவர் சவளோடு போய்க் கையால் தோண்டி எடுத்தார், சவளால் அடித்தால் பிளாஸ்ரிக் குழாய் உடைந்துவிடும். கேஸ் மீற்றரையும் அப்படியே கையால்தான் துப்புரவாக்கவேண்டும், கூரையிலிருந்து விழும் பனிக்கட்டியையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பனி தள்ளுகிற எல்லாரும் முதலில் காரைத்தான் வெளியே எடுக்கிறார்கள். குழாயை முதலில் பாருங்கள்.

டிசம்பர் 28, 2025, ஞாயிறு

ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவேண்டும். நடுமாடிக்கும் ஒன்று வாங்கினோம். ஒரு விசயம் தெரிந்திருக்கவேண்டும், இங்கே விற்கும் சாதாரண அலாரம் 70 பிபிஎம் (காற்றில் பத்து இலட்சத்துக்கு 70 பங்கு) அளவுக்கு ஒரு மணித்தியாலமாவது பொறுத்துத்தான் கத்தும், 400 என்றால் சில நிமிடங்களிலேயே கத்தும். கத்தவில்லை என்பதற்காகத் தலையிடியை விட்டுவிடக்கூடாது.

மார்க்கம் நகரில் இருக்கும் சித்தப்பா தனக்கு இது தேவையில்லை என்கிறார், வீட்டில் கேஸே இல்லை, எல்லாம் மின்சாரம். வீட்டோடு ஒட்டிய கராஜ் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்று சொல்லிப் பார்த்தேன். விடியக்காலையில் கட்டிலில் இருந்தபடியே ரிமோட்டால் கராஜுக்குள் நிற்கும் காரைச் சூடாக்குகிற மனிதர். நாளைக்கு அவருக்கும் இரண்டு வாங்கிக்கொண்டு போகிறேன், பூட்டிவிட்டுத்தான் வருவேன்.