உப்புக் காற்று ஊருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

கேமிங்குக்கு கம்ப்யூட்டரை மேம்படுத்த நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, "எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?" என்றுதான். மதுரையில் வீடு இருந்தால் அந்தக் கேள்வியோடு தொடங்கலாம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டி வீடு இருப்பவர்கள் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும். அந்தக் கார்டு எத்தனை வாட் இழுக்கும்?

காரணம் கரண்ட் பில் அல்ல. கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைத் தள்ளக் காற்று வேண்டும், இங்கே காற்றோடு உப்பும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 வாட் சூட்டை, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரி மட்டும் கூடுகிற அளவுக்கு வெளியேற்ற வேண்டுமானால், மணிக்கு ஏறத்தாழ 90 கன மீட்டர் காற்று கேபினட்டுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். 10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் மொத்தமே 28 கன மீட்டர்தான். ஒரு மணி நேரம் விளையாடினால் அறையில் இருக்கும் காற்று முழுவதும் மூன்று முறை உங்கள் மதர்போர்டைத் தடவிவிட்டுப் போகிறது.

அந்த உப்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதேதான். கார்டின் மேல் பொடியாகக் கிடந்த உப்பு இரவில் உப்புநீர்ப் படலமாகிறது. அது செம்பை அரிக்கும், சிப்பின் பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிடும். கம்ப்யூட்டர் ஓடும்போது உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரப்பதம் இறங்கிவிடும். ஆகவே கெடுதல் அதிகம் நடப்பது அணைத்து வைத்திருக்கும் நேரத்தில்தான். தினமும் ஓடும் மெஷினைவிட, விடுதிக்குப் போன பையன் மூன்று மாதம் தொடாமல் விட்டுப்போன மெஷின் சீக்கிரம் சாகும்.

நம் கரை எப்படிப்பட்டது என்று உலோகக்காரர்களுக்குத் தெரியும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி துருப்பிடித்தலை ஆராய மண்டபத்தில் சோதனை மையம் வைத்தது இதனால்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தேவைப்பட்டன. உங்கள் கார்டுக்குப் பெரும்பாலும் அப்படி எந்தப் பூச்சும் கிடையாது.

இனி கார்டுக்கு வருவோம். 1080பி (1920×1080 புள்ளிகள்) மானிட்டரில் விளையாடுபவருக்கு இந்தக் கரையில் நான் சொல்லும் வரம்பு 115 முதல் 180 வாட் வரை. ஆர்எக்ஸ் என்பது ஏஎம்டி, ஆர்டிஎக்ஸ் என்பது என்விடியா கம்பெனிக் கார்டு. ஆர்எக்ஸ் 6600 132 வாட், 8 ஜிபி நினைவகம். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், அதுவும் 8 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட். பழைய ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட் இழுத்தாலும் 12 ஜிபி நினைவகம் இருப்பதால் இன்னும் மதிப்புள்ளது. கையில் காசு இருந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 160 வாட். புதிதாக வாங்குபவருக்கு என் கை நீள்வது இதன் பக்கம்தான். வாட்டும் அடக்கம், நினைவகமும் தாராளம். புதிய கேம்களில் 8 ஜிபி நிறைந்துவிட்டால் படம் திக்கித் திக்கி ஓடும். அப்போது கேமின் அமைப்பில் டெக்ஸ்சர் (பரப்புகளின் படத் துல்லியம்) அளவை ஒரு படி இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மதர்போர்டு பழையதாக இருந்தால், கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் ஓடும் பாதைகளான லேன் கணக்கையும் பாருங்கள். 6600, 4060, 5060 மூன்றும் 8 லேன் மட்டுமே பயன்படுத்தும். கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறையாக இருந்தால் பாதையின் வேகம் 6600, 4060க்குப் பாதியாகும், 5060க்குக் கால்வாசியாகும். நினைவகம் நிறையாதவரை இழப்பு சிறிது, நிறைந்தால் பெரிது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன், 4 ஜிபி. பழைய போர்டுக்கு அதை வாங்கவே வேண்டாம். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி விலைக்கு நல்ல கார்டுதான். ஆனால் மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இருந்தாக வேண்டும், பழைய பிராசஸரோடு சேர்த்தால் சுணங்கும்.

ஆபீஸ்களிலிருந்து கழித்த ஒல்லிக் கம்ப்யூட்டரை வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள் பலர். அவற்றில் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும், மாற்றுவது எளிதல்ல. கார்டுக்கான தனி மின்வயரும் இருக்காது. ஸ்லாட் மட்டும் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்குவது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. அது 70 வாட், தனி வயர் வேண்டாம், குட்டை உயரத்திலும் கிடைக்கிறது. வாங்கும்போது 6 ஜிபி வகைதானா என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். 8 ஜிபி வகைக்குத் தனி வயர் வேண்டும்.

கார்டு மாற்றினால் பலன் கிடைக்குமா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிடலாம். கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது திரையில் எண்கள் தெரியும்படி வையுங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60இல் சும்மா நின்று, பிராசஸரின் ஓரிரு கோர்கள் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால், புதுக் கார்டு போட்டாலும் ஃபிரேம் (நொடிக்கு வரும் படங்கள்) ஏறாது. வாலரண்ட் மாதிரியான கேம்களில் பெரும்பாலும் இப்படித்தான். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ரேம். ஒற்றை 8 ஜிபி ஸ்டிக் இருந்தால் அதே மாதிரி இன்னொன்று போட்டு இரட்டை சேனலாக்குங்கள், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் இயக்குங்கள். 3200 என்று எழுதிய ரேம் எக்ஸ்எம்பி போடாமல் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். ஏஎம்டியின் ஏஎம்4 வகை போர்டு வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்து ரைசன் 5 5600 பிராசஸர் போட்டாலே புது மெஷின் மாதிரி இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காமல் கார்டை மட்டும் மாற்றுவதுதான் இந்தப் பக்கம் நடக்கும் பெரிய தப்பு. பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட். கார்டும் பிராசஸரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 6600 கார்டுக்கு 132, ரைசன் 5600க்கு 76, மற்றவற்றுக்கு 50 என்று வைத்தால் 258 வந்துவிடுகிறது. லோடு ஏறும் அந்த நொடியில் மெஷின் பட்டென்று அணைந்து மறுபடி எழும். பலர் கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த வரம்புக் கார்டுகளுக்கு நல்ல கம்பெனியின் 550 முதல் 650 வாட் போதும்.

ஸ்டிக்கரில் இன்னொரு வரியும் முக்கியம்: உள்ளீடு 100-240 வோல்ட்டா, 200-240ஆ? கோடையில் ஊரே ஏசி போட்டு வோல்டேஜ் 170க்கு இறங்கும் மாலைகளில் 200-240 வகை தள்ளாடும். 100-240 வகை அசராது. அதற்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை.

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? அப்படியானால் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாக, எர்த் இல்லாத கேபினட்டில் சுமார் 115 வோல்ட் மிதந்துகொண்டிருக்கும். ஆளைக் கொல்லும் அளவு மின்னோட்டம் அதில் இல்லைதான், ஆனால் ஹெச்டிஎம்ஐ வயரை ஓடும்போது செருகினால் கார்டின் போர்ட் போய்விடலாம். எலெக்ட்ரீஷியனை வைத்து மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் பக்கம் பெரும்பாலும் கோளாறு எர்த் குழாயில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில். உப்பு மண்ணில் அது துருத் தின்று விட்டுப்போயிருக்கும். மழைக்காலம் முடிந்ததும் வருஷம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது நல்லது.

யுபிஎஸ் எடுத்தால் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட் என்று நினைவில் வையுங்கள். மானிட்டரையும் சேர்த்தால் கரண்ட் போகும்போது கத்திவிட்டு அணையும். 1000 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்க வேண்டும்.

பொருத்துவது பெரிய வேலை இல்லை. விண்டோஸை சேஃப் மோடில் திறந்து டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு பழைய டிரைவரை நீக்குங்கள், அணைத்து வயரை உருவுங்கள், பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள், கார்டைக் க்ளிக் சத்தம் வரும்வரை செருகி ஸ்க்ரூ போடுங்கள். தவறு நடக்கும் இடம் மின்வயர். பிராசஸருக்கான 8 பின் வயர் 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றி அழுத்தினால் கார்டு போய்விடலாம். பழைய ஹார்ட் டிஸ்க் வயரை 8 பின்னாக மாற்றும் அடாப்டரையும் தொடாதீர்கள், பிளாஸ்டிக் உருகும். பழைய போர்டில் புதுக் கார்டு போட்டுத் திரை கறுப்பாகவே நின்றால் பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். அதை அணைக்கும் முன் விண்டோஸ் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பகிர்வு வகையில் இருக்க வேண்டும், பழைய எம்பிஆராக இருந்தால் பூட் ஆகாது.

ஓட ஆரம்பித்ததும் வாட்டைக் குறையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 180 ஃபிரேம் ஓட்டுவது வீண் சூடு, 60இல் பூட்டுங்கள். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80க்கு இறக்கினால் 170 வாட் கார்டு 136இல் நிற்கும், இழப்பது சில ஃபிரேம்தான். கேபினட்டில் உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று வையுங்கள். அப்போதுதான் சந்து பொந்தெல்லாம் காற்று உறிஞ்சாது, தூசி வலை வழியாக மட்டும் வரும். வலை தூசியையும் பெரிய உப்புத்துளியையும் பிடிக்கும், நுண்ணிய உப்பு உள்ளே போகத்தான் செய்யும். மாதம் ஒருமுறை வலையைக் கழுவுங்கள், ஆனால் போர் தண்ணீரில் வேண்டாம். அது காய்ந்தால் வலையெங்கும் உப்பு பூத்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி போதும். மேசையைக் கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள். ஏசி அறையில் இருந்த மெஷினை வெளியே தூக்கினால் மூக்குக் கண்ணாடி பனிப்பது போல அதுவும் பனிக்கும், ஒரு மணி நேரம் காய விட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

பழைய கார்டு வாங்குபவர்கள் முதலில் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது மூன்று இடங்கள். மானிட்டர் வயர் செருகும் தகட்டில் துருப்புள்ளி, அலுமினிய இதழ்களில் வெள்ளைப் பொடி, ஸ்லாட்டில் நுழையும் தங்கப் பற்களில் பச்சை. பச்சை என்றால் தங்கப் பூச்சு தேய்ந்து அடியில் செம்பு அரிக்கிறது. அந்தக் கார்டை விடுங்கள், விலை எவ்வளவு இறங்கினாலும். பிறகு கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டுங்கள், பெயர் மாற்றிய போலிக் கார்டைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று விற்பது உண்மையில் 570இன் சிப். இருபது நிமிஷம் லோடில் வைத்து, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) சூட்டுக்கும் சாதாரண சூட்டுக்கும் நடுவே 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் சிப்பின் மேல் தடவிய வெப்பப் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அது சரிசெய்யக் கூடியது, விலை பேச உதவும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் துபாயிலிருந்து கார்டு வருவது வழக்கம். மின்சாரத்தால் பிரச்சினை எதுவும் இல்லை. உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று கடைக்காரரிடம் அங்கேயே கேட்டு, பில்லோடு அனுப்பச் சொல்லுங்கள். எங்கே வாங்கினாலும் துரு தெரிந்தால் உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார்டைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் தங்கப் பற்களை நீளவாக்கில் துடையுங்கள். அழிரப்பரால் தேய்க்காதீர்கள், பூச்சு போகும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாடை மழை மாதங்களில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதானால் கார்டைக் கழற்றி அதன் ஆன்டி-ஸ்டாட்டிக் உறையில் போட்டு, 100 கிராம் நீல சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். திரும்பி வரும்போது மணிகள் ரோஸ் நிறமாகியிருந்தால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன. வெயிலில் காய வைத்தால் போதாது. சமையலுக்கு எடுக்காத பழைய தட்டில் கொட்டி, மெல்லிய தீயில் நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறிய பிறகு மறுபடி டப்பாவில் போடுங்கள்.