மேலூர் உறுப்பினர் வைத்தியநாத ஐயர்

மதுரையில் அ. வைத்தியநாத ஐயர் என்ற பெயரை எடுத்தால் பேச்சு 1939 ஜூலை 8 இல் தொடங்கி அன்றைக்கே முடிந்துவிடுகிறது. தும்பைப்பட்டி கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற நாள் அது. போர் முடிந்தபின், 1946 தேர்தலில் மேலூரிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றவரும் அவரே என்பது நம்மூர்க்காரர் பலருக்குத் தெரியாது.

தஞ்சை மாவட்டம் விஷ்ணம்பேட்டையில் 1890 இல் பிறந்த ஐயர், மதுரையில் படித்து, இங்கேயே வழக்கறிஞர் தொழில் நடத்தியவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். அவருடைய துணிவைப் புகழ்வோர், அவருடைய தொழிலை மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை. கோயில் நுழைவு நடந்தபோது அதற்கு இடமளிக்கும் சட்டம் மதுரைக்கு இல்லை. உள்ளே போனவர்கள் மட்டுமல்லாமல், அனுமதித்த நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவும் வழக்கில் சிக்கக்கூடிய நிலை இருந்தது. ராஜாஜி அரசு அதே மாதத்தில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதை முறையான சட்டமாக்கி, நடந்த செயலுக்கும் சேர்த்தே பாதுகாப்பு வழங்கியது. கோயில் அர்ச்சகர்களான பட்டர்களில் பலர் பூசைக்கு வர மறுத்தார்கள்; அந்தப் பிணக்கு 1945 வரை இழுத்தது.

ஆனால் 1939 ஆம் ஆண்டுச் சட்டம் அரைகுறையானது. கோயிலைத் திறந்துவிட அறங்காவலர்கள் விரும்பினால், வழிபடுவோரின் பொதுக்கருத்தும் அதற்கு எதிராக இல்லாவிட்டால், அரசின் ஒப்புதலோடு திறக்கலாம் என்பதே அதன் சாரம். உள்ளே செல்வது ஒருவருடைய உரிமை என்று அது சொல்லவில்லை. அதைத் திருத்தும் வாய்ப்பும் உடனே வரவில்லை. போரை முன்னிட்டு அந்த அக்டோபரிலேயே காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலக, ஆளுநர் ஆட்சி வந்து, 1946 வரை நீடித்தது.

வரி கட்டியவர், சொத்துள்ளவர், படித்தவர் ஆகியோருக்கே பெரும்பாலும் வாக்கு இருந்த அந்தத் தேர்தலில் அமைந்த அவைதான், விலக்கி வைக்கப்பட்ட வகுப்பினர் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் செல்ல உரிமையுடையவர், தடுப்பவர் தண்டனைக்குரியவர் என்று 1947 இல் சட்டம் செய்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களை ஆட்டிப்படைத்த ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்தில் ஒழிந்ததும் அதே ஆண்டில்தான். ஐயர் அந்த அவையின் பல உறுப்பினர்களுள் ஒருவர். எல்லாப் பெருமையையும் அவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. எனினும், அறங்காவலரின் விருப்பத்தை நம்பியிருந்த ஒன்று எல்லோருக்கும் உரிமையானபோது, எட்டாண்டுகளுக்கு முன் சட்டம் வருமுன்னே வாசலைக் கடந்த வழக்கறிஞர் ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதை, கோயில் நுழைவுக்கு நிகராக நாம் பேச வேண்டும்.

அவர் 1955 இல் காலமானார். அவரால் வளர்க்கப்பட்ட கக்கன் அரசியல் நிர்ணய சபை, மக்களவை என்று சென்று, 1960களில் மாநிலத்தின் உள்துறை அமைச்சருமானார். அதே மேலூர் வட்டாரத்தில், மேலவளவு ஊராட்சி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று உடனிருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ஐயருக்கு அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது 1999 இல்.