சிவப்புக் கொட்டகையின் கீழ்

பாடசாலையில் நீங்கள் பெற்ற பரிசுகளைப் பற்றி எழுதுங்கள் அக்கா என்று பழைய மாணவியர் சங்க மலர்க்குழுத் தங்கைமார் கேட்டார்கள். நான் பெற்றது ஒரேயொரு பரிசு, அதுவும் ஒழுங்கான வரவுக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு பந்திகூட எழுத முடியாது. ஆகவே, போன குளிர்காலம் முழுவதும் ரொறன்ரோவில் வீட்டு நிலவறையில் இருந்து நான் தைத்த ஒரு துணியைப் பற்றி எழுதுகிறேன். அது தொடங்கியது நம் மைதானத்தில்தான்.

1979 மாசி மாதம், பிள்ளைகள் நிறத்துக்கொரு இல்லமாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டி. எங்கள் இல்லத்தின் நிறம் சிவப்பு. ஓடவும் பாயவும் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அலங்கார வேலை. முப்பது யார் வெள்ளைத் துணி வாங்கி, பக்கற்றுச் சாயத்தைக் கொதிநீரில் கரைத்து, கிடாரத்தில் அமுக்கித் தோய்த்தோம். கிடாரம் போதவில்லை. சாயம் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் ஏறாமல் திட்டுத்திட்டாக வந்தது. தையல் ரீச்சர் பார்த்துவிட்டு, பிள்ளைகள், இது துணியா தேமலா என்று கேட்டார். வேறு துணி வாங்கக் காசில்லை. பொருத்தித் தைத்து, மூங்கில் நட்டுக் கொட்டகைக்கு மேலே கட்டிவிட்டோம்.

விடியப் பனி பெய்து துணி நனைந்து, கீழே நின்ற எங்கள் வெள்ளைச் சீருடைகளில் சொட்டியது. என் இடது தோளில் உள்ளங்கை அளவு கறை. அம்மா மூன்று தரம் தோய்த்து நீலம் போட்டும் அது முற்றாகப் போகவில்லை. ஊதாவாக மாறியதுதான் மிச்சம்.

பத்து மணிக்கு வெயில் ஏறியபோது அந்தக் கொட்டகைக்குள் நடந்ததை நான் மறக்கவில்லை. எங்கள் முகங்கள், ரீச்சரின் சேலை, வாளியில் இருந்த தேசிக்காய்த் தண்ணீர் எல்லாம் சிவந்து போயின. ஒரு பொருள் சிவப்பாக இருக்கவில்லை. சிவப்புக்குள் நாங்கள் இருந்தோம். வெளியே வந்தால் வெள்ளைக் கோடு போட்ட மைதானம் சற்று நேரம் பச்சை பூசியதுபோலத் தெரியும். கண் சிவப்பில் களைத்துப்போவதால் அப்படித் தெரிகிறது என்பது பின்னாளில் அறிந்தது.

1990இல், நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம், பத்திரிகைகளில் ஒரு ஓவியத்தைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. ஒட்டாவாவிலுள்ள தேசிய கலைக்கூடம் அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமனின் 'தீயின் குரல்' என்ற ஓவியத்தை ஏறத்தாழ 18 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியிருந்தது. மொன்றியலில் நடந்த 1967 உலகக் கண்காட்சியின் அமெரிக்க மண்டபத்துக்காக அவர் தீட்டியது. இரு பக்கமும் நீலம், நடுவில் சிவப்பு, வேறொன்றும் இல்லை. இதை எங்கள் இல்லக் கொடி தைத்த பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் ஐம்பது ரூபாயில் முடித்திருப்பார்களே என்று அண்ணா சிரித்தார். நானும் சிரித்தேன்.

சில வருடங்களின் பின் ஒட்டாவா போனபோது அதன் முன்னால் நின்றேன். உயரம் 5.4 மீற்றர். பத்திரிகையில் தபால்முத்திரை அளவில் பார்த்துச் சிரித்தது எவ்வளவு மடத்தனம்! தன் பெரிய ஓவியங்களைத் தூர நின்று பார்க்க வேண்டாம், கிட்ட வந்து பாருங்கள் என்று நியூமன் 1951இலேயே நியூயோர்க் கண்காட்சியில் எழுதி ஒட்டியிருந்தாராம். கிட்டப் போனேன். காவலர் முறைத்தார். கொட்டகை நினைவு வந்தது.

ஓய்வுபெற்ற பிறகுதான் குவில்ட் தைக்கப் பழகினேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவது. வகுப்பில் மற்றவர்கள் பூவும் பறவையும் தைத்தார்கள். நான் சிவப்புத்தான் என்றேன். நாலடி அகலம், ஆறடி உயரம். ஓரங்களில் மட்டும் நந்நாலு அங்குல நீலம்.

முதலில் தோய்த்த துணி ஒரே சீராக வந்தது. கடையில் வாங்கியதுபோல உயிரில்லை. இம்முறை நான் எடுத்தது புரோசியன் என்ற சாயம். சலவைச் சோடா சேர்ந்தால் அது பருத்தி நாரோடு பிணைந்துவிடும். பனிக்கும் வியர்வைக்கும் கழன்று வராது. அந்தச் சாயத்தையே அடுத்த தரம் சிறிய வாளியில், குறைந்த தண்ணீரில், துணியைக் கசக்கித் திணித்துத் தோய்த்தேன். திட்டுத்திட்டாக, அசல் தேமலாக வந்தது. ரீச்சர் இருந்திருந்தால் பிரம்பு எடுத்திருப்பார். ஆனால் 1952இல் அமெரிக்க ஓவியர் ஹெலன் பிராங்கென்தாலர் செய்ததும் ஏறத்தாழ இதுதான். பூச்சு இல்லாத கன்வஸில் நீர்த்த வர்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். கன்வஸ் வேறென்ன, பருத்தித் துணிதானே? அவர் கறையை ஓவியமாக்கினார். அம்மாவுக்குத்தான் இது தெரியாமல் போனது.

சிவப்பையும் நீலத்தையும் பொருத்திய மடிப்பை நீலப் பக்கமாகச் சாய்த்து மினுக்க வேண்டும். இல்லையென்றால் நீலம் சிவப்புக்கு அடியில் நிழலாகத் தெரியும். அது சுலபம். கால் அங்குலத்துக்கு ஒன்றாக, மேலிருந்து கீழாக ஏறக்குறைய 190 தையல் கோடுகள் ஓட்டுவதில்தான் பிழைவிட்டேன். இடது ஓரத்தில் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே திசையில் ஓட்டினேன். பாதியில் துணி ஒரு பக்கம் இழுபட்டு அலையடித்தது. நடுவில் தொடங்கி, ஒரு கோடு மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாறிமாறி ஓட்டியிருக்க வேண்டும். தைத்ததைப் பிரிக்க மூன்று கிழமை. கோணிய தையலைப் பிரித்து முடிக்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று பாடசாலையில் மாலை நாலரை மணிவரை இருத்திவைத்த ரீச்சரைத் திட்டிக்கொண்டே பிரித்தேன்.

போன மாதம் சங்க இராப்போசனத்தன்று அதை மண்டபச் சுவரில் தொங்கவிட்டார்கள். என் வகுப்புத் தோழி, நீல இல்லத்தின் அந்நாளைய தலைவி, மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய் நின்றாள். காவலர் யாரும் இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, "எடி, எங்கள் நீலத்துக்கு நாலு அங்குலம்தானா?" என்றாள். 1979 அஞ்சலோட்டத்தில் அவர்கள் எங்களை முந்தியது நாலு அடியால்.