விமான பயத்தோடு ஊர் சுற்றுவது எப்படி

ஊர் சுற்றப் பிடிக்கும், விமானம் என்றால் மட்டும் வயிற்றைக் கலக்கும் என்பவர்களுக்கு இப்போது ரயிலிலும் கப்பலிலும் எட்டும் தூரம் கூடியிருக்கிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவில் ஏறினால் வந்தே பாரத்தில் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கார்த்திகை மழைக்காலத்தில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனால் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகவே கிட்டத்தட்ட மூன்று நாள். ஒரு வார லீவுக்கு அது கட்டுப்படியாகாது. விமானம்தான் வழி.

டிக்கெட் போடும்போதே பாதி பயத்தைக் குறைத்துவிடலாம். காலையின் முதல் விமானமாகப் பாருங்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலெழும்பும். கோடையில் பிற்பகல் விமானங்கள் குலுங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். தாமதமும் காலையில் குறைவு. காத்திருக்கக் காத்திருக்கத்தானே பயம் வளர்கிறது.

சீட்டு, இறக்கைக்கு நேராக. எடையின் மையம் அங்கே இருப்பதால் மூக்கும் வாலும் ஏறி இறங்கும்போது நடுவில் ஆட்டம் குறைவு. ஏர்பஸ் 320 என்றால் சுமாராக 10 முதல் 18 வரையுள்ள வரிசைகள். கடைசி வரிசை சும்மா கிடைத்தாலும் வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏடிஆர் போன்ற சின்ன விமானங்கள் தாழ்வாகப் பறப்பவை, குலுக்கல் கொஞ்சம் கூடுதல். முதல் பயணத்துக்கு அவை தோதில்லை.

இனி சத்தங்கள். பயப்படுகிறவர்களின் காது விமானத்தில் ரொம்பக் கூர்மை. எது எப்போது வரும் என்று தெரியாததுதான் தொல்லை. ஏர்பஸ் 320இல் எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது ஏசி காற்று சட்டென்று நிற்கும். அந்தக் காற்றை எஞ்சினைச் சுழற்றத் திருப்புகிறார்கள். அதையொட்டித் தரைக்கடியில் நாய் குரைப்பது போல, ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம் வரலாம். திரவ அழுத்தத்தால் இயங்கும் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தத்தைப் பகிரும் கருவி அது. மேலே கிளம்பிய சில நொடிகளில் காலடியில் 'டொம்' என்றால் சக்கரம் உள்ளே போய்விட்டது.

அடுத்து வருவதுதான் பலரைக் கைப்பிடியை இறுக்க வைக்கும் இடம். தரையிலிருந்து 1,000 அல்லது 1,500 அடி உயரத்தில் விமானி எஞ்சின் வேகத்தைக் குறைப்பார். சத்தம் தணியும், மூக்கு லேசாகத் தாழும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இதைக் 'கீழே விழுகிறோம்' என்று தப்பாகப் படிக்கிறது. உண்மையில் விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், கொஞ்சம் நிதானமாக. சீட்டின் முன்னால் வரைபடத் திரை இருந்தால் உயரத்தைப் பாருங்கள், எண் கூடிக்கொண்டே போகும். இறங்கியதும் வரும் பெரிய உறுமல், வேகத்தைக் குறைக்க எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்புவது.

குலுங்கும்போது ஆயிரம் அடி விழுந்தது போலத் தோன்றும். பெரும்பாலும் உயரம் சில அடிதான் மாறியிருக்கும். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துப் பாருங்கள், உங்கள் மனம் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் ஆடாது. இறக்கை வளைவதைப் பார்த்தும் பதறாதீர்கள், வளைவதற்கென்றே செய்தது. 1995இல் போயிங் 777இன் இறக்கையை வேண்டுமென்றே முறித்துப் பார்த்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சப் பளுவைப் போல 154 சதவீதத்தில்தான் முறிந்தது. குலுக்கலில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் பெல்ட் இடுப்பிலேயே இருக்கட்டும்.

மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்; விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் படபடப்பு அடங்கும். ஏறுவதற்கு முன் காபி வேண்டாம், அதுவே நெஞ்சைப் படபடக்க வைக்கும், பயம் என்று நினைத்துக்கொள்வோம். மாத்திரை டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். முதல் தடவையாக அதை விமானத்தில் போடாமல் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், மதுவோடு கூடவே கூடாது. படபடப்புக்குத் தரும் புரொப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து, முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எடுத்தவுடன் அந்தமான் வேண்டாம். சென்னையிலிருந்து கோவைக்கு ஒரு காலை விமானம், திரும்பி வர வந்தே பாரத் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். பறப்பது ஒரு மணி நேரம் சொச்சம்தான். வரும்போதும் பறந்தாக வேண்டும் என்ற கவலை இல்லாததால் கோவையில் சாப்பாடு இறங்கும்.