மேசையில் தட்டும் பாட்டு

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காக ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். கேட்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் சரியாகச் சொன்னது வெறும் 3!

தட்டுபவர் தலைக்குள் மெட்டு, வரி, மிருதங்கம் எல்லாம் ஓடுகிறது. கேட்பவருக்கு டொக் டொக் மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் "நீங்க பெரிய ஆளு சார்" என்று கிண்டலாகத் தட்டும்போதும் இதேதான். நம் குரல் நமக்குக் கேட்கிறது, அந்தப் பக்கம் போய்ச் சேர்வதில்லை. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் சகாக்களும் மின்னஞ்சலில் இதைச் சோதித்தார்கள். கிண்டலா நிஜமா என்று படித்தவர்கள் சொன்னது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாக மேலில்லை. குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

ஸ்மைலி போட்டால் தீருமா? அந்தச் சிரிப்பையே நக்கலாக எடுத்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு.

எங்கள் சித்தப்பா விவரமானவர். எதற்கும் வாய்ஸ் நோட்தான். என்ன, பாதி நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்.