கேலோவேயில் ஒரு சேற்று நடை

ஸ்காட்லாந்தில் மலையேறப் போகிறோம் என்றால் எல்லோரும் வடக்கே ஹைலேண்ட்ஸுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். தென்மேற்கு மூலையில் கிடக்கும் கேலோவேயை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை. மெரிக் சிகரத்துக்கு மட்டும் ஆள் வரும். 843 மீட்டர், தெற்கு ஸ்காட்லாந்தின் சதர்ன் அப்லேண்ட்ஸ் மலைகளிலேயே உயரமானது. அதற்குத் தென்கிழக்கே, நாங்கள் ஏறிய கிரெய்க்னா மலை வெறும் 645 மீட்டர். ஆனால் கிழக்கிலிருந்து அதன் அடிவாரம் போய்ச் சேரும் நேரத்தில் மெரிக்கின் உச்சிக்கே ஏறிவிடலாம்.

கிளாட்டரிங்ஷாஸ் ஏரி தாண்டி, கிரெய்கென்காலி என்ற இடத்தோடு தார்ச் சாலை முடிகிறது. அப்புறம் வனத்துறையின் ஜல்லிச் சாலைதான். நாங்கள் சைக்கிளில் போனோம். நடப்பவர்களுக்கு இந்தப் பகுதி சலிப்புத் தட்டும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லாக் டீ ஏரி தெரியும் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். மற்றபடி இரண்டு பக்கமும் சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள், ஒரே வயது, ஒரே உயரம், வரிசை வரிசையாக. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மரம் இது. சதுப்பை உழுது, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் இப்படிப்பட்ட நிலங்களில் இதை நட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு. கீழே ஒரு செடி முளைப்பதில்லை.

பேக்ஹில் ஆஃப் புஷ் என்ற பழைய கல்வீட்டருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேற்கே திரும்பினால் மரங்கள் சட்டென்று முடிகின்றன. எதிரே சில்வர் ஃப்ளோ. உழவும் வாய்க்காலும் அதிகம் தொடாமல் தப்பித்த சதுப்பு. 1981இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நான் இவ்வளவு தூரம் வந்தது சிகரத்துக்காக இல்லை, இதற்காகத்தான்.

முதலில் கூரன் லேன் ஓடையைத் தாண்ட வேண்டும். தேயிலைச் சாயம் போல் பழுப்புத் தண்ணீர், நகர்கிறதா என்றே தெரியாத நிதானம். அதன் ஓரத்துப் புதைசேறு இந்த வட்டாரத்தில் பேர்போனது. வடக்கே போகப் போக ஓடை ஒடுங்குகிறது, அங்கே தாண்டினோம். நல்ல மழைக்குப் பிறகு அதுவும் நடக்காது.

அதன்பின் ஒவ்வோர் அடியையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். சிவந்த மேடாக இருக்கும் ஸ்பாக்னம் பாசி ஓரளவு தாங்கும். பளீரென்று பச்சையாக, புல்தரை மாதிரி அழகாக இருக்கும் இடம்தான் ஆபத்து. அது தண்ணீர்மேல் மிதக்கும் பாசி, கைத்தடி பாதிக்குமேல் உள்ளே போனது. கூட வந்த நண்பர் ஒரு மேட்டில் நின்றுகொண்டு, "ஏங்க, இது தரையா தண்ணியா?" என்று கேட்டார். இரண்டும்தான். ஸ்பாக்னம் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போடப் பஞ்சுக்குப் பதிலாக இதைக் காயவைத்துப் பயன்படுத்தினார்கள். இந்தப் பாசி மக்காமல் அடுக்கடுக்காகப் படிவதுதான் பீட். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் அதிகம். இங்கே அது பல மீட்டர் ஆழம் இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

குனிந்து பார்ப்பவருக்கு இன்னும் நிறைய இருக்கிறது. குட்டைகளின் ஓரத்தில் சன்டியூ, சிவப்பு இலை நுனிகளில் பசைத் துளிகளோடு பூச்சிக்குக் காத்திருக்கிறது. மண்ணில் சத்து இல்லாததால் அதற்கு அப்படியொரு பிழைப்பு. காலில் மிதிபடும் பாக் மிர்ட்டில் செடியிலிருந்து நல்ல வாசனை வரும். நாங்கள் குட்டைகள் நிறைந்த நடுப்பகுதிக்குள் இறங்காமல் வடக்கு ஓரமாகவே ஒதுங்கிப் போனோம். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் நடக்க உரிமை தருகிறது, சரி. ஆனாலும் ஒரு காலடித் தடம் இங்கே சீக்கிரம் ஆறாது.

நிக் ஆஃப் த டஞ்சன் கணவாய்க்கு ஏறியதும் காலுக்கடியில் கிரானைட். அப்பாடா என்றிருந்தது. பக்கத்திலேயே டெவில்ஸ் பவுலிங் கிரீன்: தட்டையான பெரும் பாறைத்தளம், அதன்மேல் பனியாறு விட்டுப்போன உருண்டைக் கற்கள். கிரெய்க்னாவில் 1979 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 போர் விமானம் மோதி, இரண்டு வீரர்கள் இறந்தார்கள். நினைவுக்கல் இருக்கிறது.

கிரெய்க்னா உச்சியிலிருந்து வடக்கே முல்வார்க்கர் மலை தெரியும். அணுக்கழிவைப் புதைக்க இந்தக் கிரானைட் தோதாக இருக்குமா என்று துளைபோட்டுப் பார்க்க அனுமதி கேட்டார்கள். ஊர் எதிர்த்தது; 1980இல் ஏர் நகரில் பொது விசாரணை நடந்து, துளை போடாமலேயே விஷயம் ஓய்ந்தது. ஒதுக்குப்புறமாக இருந்தாலே குப்பை கொட்டலாம் என்று யாருக்காவது தோன்றிவிடுகிறது.

போக நினைப்பவர்கள் மே மாதத்தில், சில நாள் மழை இல்லாதபோது போங்கள். ஜூனில் மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப் பூச்சிகள் கிளம்பிவிடும். வரைபடமும் காம்பஸும் கட்டாயம். போனில் சிக்னலை நம்ப வேண்டாம்.