நாமளா, நாங்களா?

2020 மார்ச் 23, திங்கள் இரவு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவிக்கு நேரே ஆயா, அவர் காலடியில் நான். கடைக்கும் கிளினிக்குக்கும் போதுமான இங்கிலீஷ் ஆயாவுக்கு உண்டு. மேடை இங்கிலீஷ் பிடிபடாது. அதனால் அதிபர் சிரில் ரமபோசா பேசப் பேச வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டே நாளில் 61 கொரோனா நோயாளிகள் 402 ஆகிவிட்டார்கள். வியாழன் நள்ளிரவிலிருந்து 21 நாள் எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும். எண்களில் சிக்கல் இல்லை. 'வீ' (we) என்ற அந்தக் குட்டி இங்கிலீஷ் சொல்தான் தொண்டையில் மாட்டியது. நாம் என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. நாங்கள் என்றால் அவர் வெளியே. அதிபர் 'வீ' என்ற ஒவ்வொரு முறையும் ஆயா உள்ளேயா வெளியேயா என்று நான் அரை நொடியில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பாதியில் ஆயா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கடையை நாம மூடுறோம்னு சொல்றியே கண்ணு, மூடுறது நாமளா, அவங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்து, "அப்போ ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா?" என்றார். நோய் வந்தால் அம்மனிடம் ஓடித்தான் அவருக்குப் பழக்கம். நோய்க்குப் பயந்து அம்மன் கோயிலையே பூட்டுவது அவர் மனசுக்கு ஏறவில்லை. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அதிபரின் உரைகளை ஊரே 'ஃபேமிலி மீட்டிங்' என்று அழைத்தது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் ஒரு உரிமை இருந்தது. குடும்பம் என்றால் அது நாம்தானே.

அன்றிரவு தூக்கம் வராமல் 2000 ஜூலையை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இதே டர்பன், கிங்ஸ்மீட் மைதானம், உலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழா. அன்றைய அதிபர் தாபோ எம்பெக்கி வறுமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டு, 'வீ' எல்லாப் பழியையும் ஒரே ஒரு வைரஸ் மேல் போட முடியாது என்று தனக்குத் தோன்றியதாகச் சொன்னார். வறுமை கொல்லும், அது உண்மைதான். ஆனால் அந்த 'வீ'க்குள் நோயாளி இல்லை. கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைகளுக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கொடுக்கச் சொல்லி 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவருடைய அரசுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. அவருடைய 'வீ'யை என்னால் நாங்கள் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அதே விழாவில் நிகோசி ஜான்சனும் பேசினான். பிறக்கும்போதே எச்ஐவியோடு பிறந்த 11 வயதுப் பையன். அவன் சொன்னதைத் தமிழில் சொல்லும்போது எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள், எங்களைக் கண்டு பயப்படாதீர்கள்." அப்புறம் கடைசியில், "நாம் எல்லோரும் ஒன்றுதான்."

எங்கள் என்று மூன்று தடவை கெஞ்சிவிட்டு நாம் என்று வந்து நிற்கிறான். அடுத்த வருஷம் ஜூன் 1-ஆம் தேதி இறந்துபோனான்.

காலையில் டீ கொடுக்கும்போது ஆயாவிடம் அந்த வரிகளைச் சொன்னேன். டம்ளரை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "புள்ள பேரு என்ன சொன்ன?" என்று கேட்டார்.